தகரம் அக்காவும் மூன்று வரிப் பாட்டும்

அவளைத் தகரம் என்று முதலில் சொன்னது பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர். ஆண்டு விழாவுக்காகப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பாடச் சொல்லிவிட்டு, காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு வாயாக நகர்ந்து வந்தவர் அவள் முன்னால் நின்றுவிட்டார். "யாரு இங்க தகரத்தைத் தேய்க்கிறது? நீயா? நீ பாட வேண்டாம்மா. வாயை மட்டும் அசை, போதும்" என்றார். மேடையில் அவள் வாயை மட்டும் அசைத்தாள். அதே பள்ளியில் மேல்வகுப்பில் படித்த அண்ணன் அந்தப் பெயரைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்குப் பிறகு பெற்றவர்கள் வைத்த பெயர் சான்றிதழில் மட்டும்தான் இருந்தது.

அண்ணனுக்கு 'ஆர்' போட்டு எழுதுகிறேன். அவர் அதை எதிர்பார்க்கிற மனிதர். அக்காவுக்கும் அப்படியே எழுதிப் படித்துக் காட்டினேன். "எனக்கு எதுக்குய்யா ஆரும் தேரும்? சும்மா 'ள்' போடு" என்றாள். போட்டிருக்கிறேன். இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அவளும் அவளுடைய அண்ணியும் சொன்னது. இரண்டு பேரும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள், ஆனால் ஒரே மாதிரி கூட்டிச் சொன்னார்கள்.

அக்காவுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் லாண்டரியில். தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கக் கதவு வழியாக வார்டு விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். ரத்தம் பட்டது ஒரு குவியல், மருந்துக் கறை ஒரு குவியல், ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி தனிக் குவியல். ஆள் நுழைந்து நிற்கிற அளவுக்கு வாய் உள்ள துவைக்கும் மெஷின்கள். பிறகு பிழிகிற மெஷின். அதில் துணியைச் சமமாக அடுக்காவிட்டால் 'தொம் தொம்' என்று தரையே அதிரும். கடைசியில் சூட்டு உருளை. இந்தப் பக்கம் இரண்டு பேர் விரிப்பின் முனையைப் பிடித்து உள்ளே விட, அந்தப் பக்கம் இரண்டு பேர் ஆவி பறக்க வாங்கி மடிப்பார்கள். அக்கா அந்த உருளையின் முன்னால் நின்றே நரைத்தவள்.

அவள் கணவர் ஏ.சி. மெக்கானிக். ஊர் வீட்டையெல்லாம் குளிர வைத்தவருக்குச் சொந்த வீடு புழுங்கியது. "உன் குரலைக் கேட்டாலே தலை வலிக்குது" என்பார். ஒருநாள் கருவிப் பையோடு வேலைக்குப் போனவர் வேறு ஊரில் வேறு குடித்தனத்தில் இருப்பதாகத் தகவல் வந்தது. பிள்ளைகள் இல்லை. அண்ணன் வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு, தங்கையைத் தன் வீட்டுப் பின்னறையில் கொண்டுபோய் விட்டார். நல்ல காரியம்தான், அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பின்னறையில் இருப்பவள் பின்னறை மாதிரியே இருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். விருந்தாளி வந்தால் அவள் கதவு சாத்தியிருக்கும்.

லாண்டரியில் மட்டும் அவள் பாடுவாள். மெஷின் இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம். இரைச்சலுக்கு மேலே தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும் என்பதால் அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடிப் பழகினாள். பாட்டு என்று சொல்ல முடியாது. வாயில் வந்த வசைக்கு ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஒரு மதியம் பிழிகிற மெஷினில் யாரோ கோணலாகத் துணி அடுக்கிவிட, அது தொம் தொம் என்று குதிக்க, அந்த அடிக்கு ஏற்றபடி அவள் சூப்பர்வைசரைத் திட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அவள் குரல் மட்டும் கூடத்தில் தனியாக நின்றது.

கதவருகே லாண்டரி வேன் ஓட்டுகிறவர் நின்றுகொண்டிருந்தார். கிளை ஆஸ்பத்திரிகளுக்குத் துணி ஏற்றிப்போகிற மனிதர், அக்காவைவிட வயதில் சின்னவர்.

"அக்கா, அதைத் திரும்பப் பாடுங்க."

"ஏன், சூப்பர்வைசர்கிட்ட வத்தி வைக்கவா?"

"சத்தியமா இல்லக்கா. வேனுக்கு வாங்க. ஒண்ணு கேக்கணும் நீங்க."

வேனின் முன்சீட்டில் உட்காரவைத்து அவர் ஒரு பாட்டைப் போட்டார். புரியாத மொழி. ஒரு பெண் குரல், கரகரவென்று, சளி பிடித்த மாதிரி. பின்னால் ஒரே ஒரு கிட்டார்.

"யாரு இவ? தொண்டை சரியில்லையே."

"தொண்டையே அதுதான்க்கா. இதுக்குப் பேரு ப்ளூஸ். வயலுலயும் ரோட்டுலயும் வேலை செஞ்ச ஜனங்க பாடினது. நீங்க பாடறதும் இதுதான். உங்களுக்கே தெரியாமப் பாடறீங்க."

"என்ன சொல்றா இவ?"

"ஒரு வரி சொல்லுவா. அதையே இன்னொரு தடவை சொல்லுவா. மூணாவது வரியில பதில் சொல்லுவா. அவ்வளவுதான்."

"ஒரே வரியை எதுக்கு ரெண்டு தடவை?"

"முதல் தடவை சொன்னா யாரு காதுல வாங்கறாங்க?"

அக்கா சிரித்துவிட்டாள். "என் வீட்டுல ரெண்டாவது தடவையும் வாங்க மாட்டாங்க" என்றாள். ஆனால் அன்று மாலை பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது ஒரு வரி வந்தது. அதையே மறுபடியும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் மூன்றாவது வரியும் வந்துவிட்டது.

"ஊர்ப்பட்ட ரத்தக் கறையை உரசி உரசி எடுத்தேன்,
ஊர்ப்பட்ட ரத்தக் கறையை உரசி உரசி எடுத்தேன்,
என் மேல பட்ட சொல்லு மட்டும் எந்தச் சோப்புக்கும் போகலை."

வேன்காரர் கிட்டார் வாசிப்பார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. சின்ன மருந்துக் குப்பி ஒன்றை விரலில் மாட்டிக்கொண்டு கம்பிமேல் இழுப்பார். கிட்டார் அழுகிற மாதிரியும் இருக்கும், வம்புக்கு இழுக்கிற மாதிரியும் இருக்கும். அவர் முடிவெட்டிக்கொள்கிற சலூனின் முதலாளி மௌத் ஆர்கன் ஊதுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டே ஊதுவார். "ஊதும்போது மூச்சு வருது, உறிஞ்சும்போது முடி வருது" என்பது அவருடைய நிரந்தர நகைச்சுவை. சலூனுக்கு விடுமுறை செவ்வாய்க்கிழமை. செவ்வாய் மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேரும் பாட ஆரம்பித்தார்கள்.

அக்காவுக்கு அங்கே ஒரே கஷ்டம் கண்ணாடிகள்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் தான் வாயைத் திறப்பது தெரிந்தது. முதல் சில வாரங்கள் துவாலை அலமாரியைப் பார்த்துக்கொண்டே பாடினாள்.

விஷயம் அண்ணன் காதுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? அவர் ஒரு அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. அதைவிட முக்கியம், அந்தப் பகுதியின் குடியிருப்போர் சங்கச் செயலாளர். தெருவிளக்கு எரியாவிட்டாலும், நாய் குரைத்தாலும் மனு எழுதுகிறவர். தங்கையிடம் நேரில் பேசுவது அவர் வழக்கமில்லை. மனைவியைத் தூது அனுப்பினார். "ஆம்பளைங்களோட சேர்ந்து சலூன்ல கத்தறாளாம். குடும்ப மானத்தைக் கப்பலேத்திட்டா. போய்க் கையோட கூட்டிட்டு வா."

அண்ணி பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாள். கனத்த உடம்பு, அதிகம் பேசாதவள், எதற்கும் அவசரப்படாதவள். "முடிச்சிட்டு வா, நான் உக்காந்திருக்கேன்" என்று காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தாள். பாட்டு ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அவள் கை பெஞ்சுப் பலகையில் விழ ஆரம்பித்தது. பிறகு பக்கத்தில் இருந்த பவுடர் டப்பாவில். வேன்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"அண்ணி, எங்க கத்துக்கிட்டீங்க?"

"ஸ்கூல்ல அணிவகுப்புக்கு டிரம் அடிச்சேன். கல்யாணத்துக்கு அப்புறம் சப்பாத்திக் கட்டைதான்."

"எங்களுக்கு டிரம் அடிக்க ஆள் இல்லை."

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். தூது வந்தவள் கட்சி மாறிவிட்டாள்.

அன்று வீட்டில் என்ன நடந்தது என்று இரண்டு பேரும் விவரமாகச் சொல்லவில்லை. அண்ணன் நடுக்கூடத்தில் நின்று, "இந்த வீட்டுல இருக்கணும்னா அந்தப் பாட்டு கூடாது" என்றாராம். அக்கா பின்னறைக்குப் போய்த் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பது அவள் தொழில், சீக்கிரம் முடிந்துவிட்டது. சலூனுக்கு மேலே ஒரு அறை வாடகைக்குக் கிடந்தது. படுக்கையைச் சுருட்டி ஒரு முனையை அக்காவும் மறுமுனையை அண்ணியும் தூக்கிக்கொண்டு தெருவழியே நடந்தார்கள். அண்ணன் வாசலில் நின்று, "நீயுமா போறே?" என்று மனைவியைக் கேட்டார். "நான் எங்கே போறேன்? சாமான் வெச்சுட்டு வரேன். ஆனா செவ்வாய்க்கிழமை மத்தியானம் நீங்களே சாப்பாடு போட்டுக்கங்க" என்றாள் அண்ணி.

கோஷ்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். சலூன்காரர் 'இன்னிசை' என்று முடிகிற மாதிரி ஏதோ சொன்னார். "தகரம்னு வைங்க. எப்படியும் சொல்லத்தான் போறாங்க. நாமளே சொல்லிட்டா அவங்களுக்கு வேலை இல்லை" என்றாள் அக்கா.

முதல் நிகழ்ச்சி கடைத்தெருவில் உள்ள ஒரு குடும்ப உணவகத்தில். வெள்ளிக்கிழமை மாலைகளில் அங்கே யாராவது பாடுவார்கள். மேனேஜர் வேன்காரருக்குத் தெரிந்தவர், என்ன பாட்டு என்று கேட்கவில்லை. அன்று அங்கே சாப்பிட வந்தவர்களில் நானும் ஒருவன். கேட்க வந்ததாகப் பெருமை அடித்துக்கொள்ள முடியாது, பசிக்குத்தான் போனேன். மூலையில் நாலு பேர் இருப்பதைப் பார்த்தேன். கனத்த அம்மாள் ஒருத்தி இரவல் டிரம் முன்னால் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தாள். நரைத்த தலையோடு இன்னொருத்தி மைக்கை முறைத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னால், நான் பில் கேட்கலாமா என்று நினைத்தேன்.

அக்கா ரத்தக் கறைப் பாட்டைப் பாடினாள். சாப்பிடுகிற இடத்தில் ரத்தக் கறை! ஒரு மேஜையில் கரண்டி நின்றது. மேனேஜர் கையைக் காட்டி, சினிமாப் பாட்டு பாடச் சொல்லி சைகை செய்தார். அவள் பார்க்காத மாதிரி அடுத்ததை ஆரம்பித்தாள்.

"போறவன் போகட்டும்னு கதவைத் தொறந்து வெச்சேன்,
போறவன் போகட்டும்னு கதவைத் தொறந்து வெச்சேன்…"

மூன்றாவது வரிக்கு முன்னால், பின் மேஜையிலிருந்து ஒருவர் உரக்கக் கேட்டார்: "என்னம்மா, ஒப்பாரியா?"

பாட்டு நின்றது. அண்ணி மட்டும் அடியை விடவில்லை. அக்கா மைக்கைப் பிடித்து, "ஆமாங்க. ஆனா செத்தவரு உயிரோடதான் இருக்காரு. அதான் தாளம் கொஞ்சம் வேகமா இருக்கு" என்றாள்.

கடை முழுக்கச் சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் மூன்றாவது வரியை எடுத்துவிட்டாள்.

"காத்து நல்லா வருது இப்ப, நான் இன்னும் மூடலை."

மேனேஜருக்கு அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. அடுத்த பாட்டின் நடுவில் மைக்கை அணைத்துவிட்டார். அதே ஸ்பீக்கரில் இணைத்திருந்த கிட்டாரும் செத்தது. நாங்கள் எல்லோரும், அவ்வளவுதான், இனி அவள் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவாள் என்று நினைத்தோம். அக்கா அணைந்த மைக்கை ஒருமுறை பார்த்து, அதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்து பாடினாள். பிழிகிற மெஷினோடு மல்லுக்கட்டிய தொண்டைக்கு ஒரு உணவகம் எம்மாத்திரம்? சமையலறையிலிருந்து ஆட்கள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றார்கள். நான் சாப்பாட்டை மறந்தேன். அழகான குரல் இல்லை. ஆனால் அந்தக் குரல் சொன்னால் அது நடந்திருக்கும் என்று நம்பத் தோன்றியது.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார் மேனேஜர். வெளியே வந்து கயிற்றால் டிரம்மைக் கட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு மூன்று மேஜைக்காரர்கள் பின்னாலேயே வந்து, "அடுத்து எங்க பாடறீங்க?" என்று கேட்டார்கள். அடுத்து என்று எதுவும் இல்லை. அக்கா கொஞ்சமும் தயங்காமல், "செவ்வாய்க்கிழமை, சலூன்ல. முடி வெட்ட மாட்டோம்" என்றாள்.

அந்தச் செவ்வாய் ஷட்டர் முழுதாக ஏற்றப்பட்டது. சுழல் நாற்காலிகளில் மூன்று பேர், பெஞ்சில் நாலைந்து பேர், வாசற்படியில் ஆஸ்பத்திரி லாண்டரிக் கூட்டம். அடுத்த வாரம் நர்சுகள் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் நர்சுகளின் அம்மாக்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒரு வழக்கம் பிறந்தது. முதல் வரியை அக்கா பாடுவாள், அதே வரியை இரண்டாம் தடவை கூட்டம் பாடும். மூன்றாவது அவளுடையது. சில சமயம் கூட்டம் பாடி முடித்ததும் அவள் வேண்டுமென்றே மூன்றாவது வரியைத் தாமதிப்பாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தெரிந்த வரிதான், இருந்தாலும் நிற்கும்.

தெரு அடைபட்டது என்பது உண்மை. குடியிருப்போர் சங்கம் கூடியது. அண்ணன் தலைமையிடத்தில் உட்கார்ந்து, பொது இடத்தில் இரைச்சலைத் தடுப்பது பற்றித் தீர்மானம் வாசித்தார். தங்கை என்று ஒரு சொல் வரவில்லை, 'சிலர்' என்றுதான் வந்தது. வாசித்து முடித்ததும் பின்வரிசையில் மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"சார், பாட்டு பரவாயில்லை. அந்த டிரம் சத்தம்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"அதையும் சேர்த்துத்தான் தீர்மானம்" என்றார் அண்ணன்.

"அதை அடிக்கறது உங்க வீட்டம்மாதானே சார்? தீர்மானம் எதுக்கு? வீட்டுலயே சொல்லிடுங்களேன்."

கூட்டம் மொத்தமும் சிரித்தது. பெண்கள் வரிசையில் இருந்த அண்ணி அந்தச் சிரிப்பில் சேரவில்லை. எழுந்து நின்று, அந்தச் சங்கத்தில் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், "என்கிட்ட வீட்டுல சொன்னாரு. நான் கேக்கலை. அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தீர்மானம் வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஆனால் கட்டட உரிமையாளருக்கு மனு போயிற்று. அவர் சலூன்காரரைக் கூப்பிட்டு, கடையில் இனி முடி மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்.

ஊரில் மூடிப்போன தியேட்டர் ஒன்று உண்டு. தியேட்டருக்குப் பூட்டு, அதன் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பூட்டு இல்லை. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. வேன்காரர் காவலாளியிடம் பேசி, கூட்டிச் சுத்தம் செய்து தருகிறோம் என்று அனுமதி வாங்கினார். லாண்டரிப் பெண்கள் ஒரு ஞாயிறு காலை வந்து கழுவித் தள்ளினார்கள். அப்படிக் கழுவிய சைக்கிள் ஸ்டாண்ட் உலகத்தில் வேறு இருக்காது. சனிக்கிழமை மாலைகளில் அங்கே பாட்டு. உட்கார விரும்புகிறவர்கள் நாற்காலியைக் கையோடு கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜனங்கள் வரிசையாகப் போவதைப் பார்த்தால் ஏதோ கட்சி ஊர்வலம் என்று தோன்றும். நானும் ஒன்று வாங்கினேன்.

கூட்டம் சேர்ந்தால் பெரிய மனிதர்கள் வருவார்கள். நகரத்தின் பெரிய கலையரங்கத்தில் நிகழ்ச்சிகள் ஏற்பாடு செய்கிற ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மென்மையான பேச்சு. பாட்டு முடியும்வரை ஓரமாக நின்று கேட்டுவிட்டுச் சலூன்காரரைத் தேர்ந்தெடுத்துப் பேசினார்.

"பிரமாதம் சார். அரங்கத்துல மாசாமாசம் போடலாம். ஒரே ஒரு சின்ன மாற்றம். முன்னாடி ஒரு இளம்பொண்ணு நிக்கட்டும். அம்மா திரைக்குப் பின்னாடி உக்காந்து பாடட்டும். குரல் அம்மாவுடையதுதான். ஜனங்க பார்க்க வர்றாங்க இல்லையா?"

சலூன்காரர் அதை அக்காவிடம் பக்குவமாகத்தான் சொன்னார். "நல்ல மேடைக்கா. நல்ல ஸ்பீக்கர். எத்தனை நாளைக்குக் கொட்டகையில பாடறது? யோசிங்க."

அக்கா துவாலையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு அந்த வெள்ளைச் சட்டைக்காரரிடமே போனாள்.

"சின்ன வயசுல வாயை மட்டும் அசை, குரல் வேண்டாம்னாங்க. இப்ப குரல் மட்டும் போதும், வாய் வேண்டாம்ங்கறீங்க. ரெண்டும் ஒரே ஆளுக்கிட்ட இருந்தா உங்களுக்கெல்லாம் என்னங்க கஷ்டம்?"

அவர் புன்னகை மாறாமல், "வாய்ப்பு ஒரு தடவைதான் கதவைத் தட்டும்மா" என்றார்.

"எங்களுக்குக் கதவே இல்லைங்க, சைக்கிள் ஸ்டாண்டு. எப்ப வேணா வாங்க. நாற்காலி மட்டும் கொண்டாந்துடுங்க."

சலூன்காரர் அந்த அரங்கத்துக்குப் போனார். வேறொரு கோஷ்டியில், ஒரு அழகான பெண்ணுக்குப் பின்னால் நின்று ஊதினார். மூன்று சனிக்கிழமைகள் கொட்டகையில் மௌத் ஆர்கன் இல்லை. வேன்காரருக்குக் கோபம். அக்கா மேல்மாடி வாடகையை எப்போதும்போல் சலூன்காரர் கையில் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள். நாலாவது சனிக்கிழமை அவர் ஓரத்தில் வந்து நின்றார். "அங்க தாளத்துக்குச் சரியா ஊதணும்க்கா. இங்க மாதிரி பதில் பேச முடியலை" என்றார். "நின்னு பேசினா போதுமா, ஊதுங்க" என்றாள். இன்றைக்கும் அவர் இரண்டு இடத்திலும் ஊதுகிறார். அதில் ஒளிவு மறைவு இல்லை.

இதற்கிடையில் பாட்டு ஊரைவிட்டு வெளியே போய்விட்டது. யாரோ கைபேசியில் எடுத்ததை யாரோ அனுப்ப, பக்கத்து ஊர்களில் பஸ்காரர்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் அது ஒரு ஏ.சி. மெக்கானிக்கின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒரு சனிக்கிழமை, பாட்டு ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் வந்துவிட்டார். நான் முன்வரிசையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்ததால் எல்லாமே கேட்டது. மெலிந்திருந்தார். சட்டை நன்றாகத் தேய்க்கப்பட்டிருந்தது. அக்கா மைக் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைப் பத்திப் பாடறியாமே."

"உங்க பேரு எங்கயும் வரலையே."

"எல்லாருக்கும் தெரியுது நான்தான்னு. வேலைக்குப் போற வீட்டுலயெல்லாம் கதவு தொறந்திருக்குன்னு சொல்லிச் சிரிக்கிறாங்க."

"தெரியற மாதிரி நடந்துக்கிட்டது யாருங்க?"

அவர் சுற்றிலும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சரி, பாடறதுதான் பாடறே. 'போறவர்'னாவது பாடக்கூடாதா? 'போறவன்'னு…"

"தாளத்துக்கு உக்காரலை."

டிரம்முக்குப் பின்னாலிருந்து அண்ணி, "உக்காந்தாலும் நான் அடிக்க மாட்டேன்" என்றாள்.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "அங்க எனக்குச் சரிப்படலை. நான் வேணும்னா திரும்பி வந்துடறேன். நீயும் தனியா…"

அக்கா ஒயரைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் பார்த்த எத்தனையோ சனிக்கிழமைகளில் அவள் அவ்வளவு அமைதியாக இருந்து பார்த்ததில்லை.

"வந்தா பாட்டு கெட்டுடும்" என்றாள்.

அவர் போகவில்லை. கடைசி வரிசைக்குப் போய்த் தூணோரம் நின்றார். கொட்டகை நிறைந்தது. அன்றைக்கு அந்தப் பாட்டை விட்டுவிடலாமா என்று வேன்காரர் காதோரம் கேட்டார். "ஏன், அவரு மட்டும் காசு குடுத்தா வந்திருக்காரு? எல்லாருக்கும் உள்ளது அவருக்கும்" என்று சொல்லி, வழக்கமாகக் கடைசியில் பாடுவதை முதலாவதாக எடுத்தாள். முதல் வரி அவள் பாடினாள். இரண்டாவது தடவை கொட்டகை பாடியது. யார் வந்திருக்கிறார் என்று கூட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்கள் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவது வரிக்கு அவள் தாமதிக்கவே இல்லை. கூரைத் தகரம் அதிரச் சொன்னாள். பாட்டு முடிந்தபோது தூணருகே யாருமில்லை.

அன்று நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பிய பிறகு, அக்கா டிரம் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதாள். அதை எழுதலாமா என்று கேட்டேன். "எழுது. அழுதேன்னு எழுது. ஆனா எதுக்குன்னு நீயா ஒண்ணு கட்டிவிடாதே" என்றாள். கட்டிவிடவில்லை.

இப்போதும் அவள் லாண்டரிக்குத்தான் போகிறாள். சூட்டு உருளை, ஆவி, மடிப்பு. புது சூப்பர்வைசர் வேலை நேரத்தில் பாடக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டினார். அவள் பாடவில்லை. கூடத்தில் மற்ற எல்லோரும் பாடினார்கள், யாரை என்று கேட்பது? அறிவிப்பு ஈரத்தில் ஊறித் தானாக விழுந்தது. சனிக்கிழமைகளில் கொட்டகை போதவில்லை, தெருவரை நாற்காலி போடுகிறார்கள். வெளியூரிலிருந்து இரண்டு தடவை கூப்பிட்டார்கள். ஒரு ஊரில் நல்ல கூட்டம். இன்னொரு ஊரில் மழை, பதினைந்து பேர் வந்தார்கள். இரண்டு இடத்திலும் ஒரே சத்தத்தில்தான் பாடினாள்.

அண்ணன் இன்னும் தங்கையோடு பேசுவதில்லை. கொட்டகையில் ஒத்திகை நடக்கிற செவ்வாய், பாட்டு நடக்கிற சனி இரண்டு நாளும் தானே சாப்பாடு போட்டுக்கொள்கிறார். போன வாரம் மனைவியிடம் சொல்லி அனுப்பினாராம்: "ஊரைப் பத்தி, புருஷனைப் பத்தியெல்லாம் பாடிட்டா. என்னைப் பத்தி எதுவும் பாடக் கூடாதுன்னு சொல்லிடு."

"பாடாம இருக்கணும்னா ஒரே ஒரு தடவை வந்து பாட்டைக் கேக்கச் சொல்லுங்க அண்ணி" என்று அக்கா பதில் அனுப்பினாள். அவர் வரவில்லை. பாட்டு தயாராகிவிட்டது. முதல் வரி அக்காவுடையது. மூன்றாவது வரி அண்ணி கொடுத்தது.

"எங்கண்ணன் வாசல்ல நின்னு ஊருக்கு நியாயம் சொல்வாரு,
எங்கண்ணன் வாசல்ல நின்னு ஊருக்கு நியாயம் சொல்வாரு,
உள்ள போய்க் கேட்டுப் பாருங்க, உப்பு டப்பா எங்கேன்னு."